ஆண் ஹார்மோன் சிகிச்சை: கையைக் கடிக்காமல் நடத்துவது எப்படி?

டெஸ்டோஸ்டிரோன் ஒன்றும் புது மருந்தல்ல. ஆய்வகத்தில் அதை 1935-லேயே செய்துவிட்டார்கள். எண்ணெயில் கரைத்து இடுப்புச் சதையில் போடும் டிப்போ ஊசி 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்ட சரக்கு. நம் ஊர் மருந்துக் கடையில் ஓர் ஆம்பூல் சில நூறு ரூபாய்தான். ஆனாலும் இந்தச் சிகிச்சையில் இருக்கும் பலருக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கரைகிறது. எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மருந்தைச் சுற்றியுள்ள செலவுகளில்தான்: தேவைக்கு மேல் எடுக்கும் டெஸ்ட்டுகள், ‘ஆண்கள் நலப் பேக்கேஜ்’ என்று கட்டித் தரும் தொகுப்புகள், அவசியமில்லாமல் தேர்ந்தெடுத்த விலை கூடிய வடிவம், ஒவ்வொரு ஊசிக்கும் கட்டும் கன்சல்டேஷன் ஃபீஸ். வெட்ட வேண்டியது இவற்றைத்தான். டோஸைத் தாமாகக் குறைத்தும் ஊசியைத் தள்ளிப்போட்டும் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ‘ஷெட்யூல் ஹெச்’ மருந்துகளில் இதுவும் ஒன்று. சீட்டு இல்லாமல் வாங்குவது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை.

முதல் கேள்வி: சிகிச்சை தேவைதானா?

இந்த ஊசிக்கு வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினருக்கு விரையோ, அதை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியோ, அதற்கும் மேலே உள்ள மூளைப் பகுதியோ நிரந்தரமாகப் பழுதாகியிருக்கும். கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் கிளைன்ஃபெல்ட்டர் (ஏறக்குறைய 600 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டு), வாசனையும் தெரியாமல் பருவமும் வராமல் போகும் கால்மன், பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்காக விரையை எடுத்தவர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஹார்மோன் வேண்டும். இவர்கள் போட வேண்டியது பல ஆண்டுக் கணக்கு.

இரண்டாவது வகை நாற்பதைத் தாண்டியவர்கள். தொப்பை, சர்க்கரை, இரவில் பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை, பகலில் அசதி, ஆசைக் குறைவு. ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் கொஞ்சம் குறைவாக வரும். இவர்களில் பலருக்கு எடை குறைந்தால், குறட்டையோடு வரும் மூச்சுத் தடைக்கு வைத்தியம் பார்த்தால், சர்க்கரை கட்டுக்குள் வந்தால், ஹார்மோன் தானே ஏறுகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ‘அதெல்லாம் சொல்ல எளிது’ என்பீர்கள். உண்மைதான். ஆனால், ஊசியைத் தொடங்கிவிட்டால் உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். பிறகு விடுவதும் எளிதல்ல. ஆறு மாத முயற்சிக்குப் பிறகும் அளவு ஏறவில்லை என்றால் ஊசி எங்கும் ஓடிப்போகாது.

குறைவு என்று முடிவுகட்ட ஒரு டெஸ்ட் போதாது. வெறும் வயிற்றில், காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குக் கொடுத்த ரத்தத்தில் ‘குறைவு’ என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. காய்ச்சலில் கிடக்கும்போது எடுத்ததும் அப்படித்தான். பல வழிகாட்டி நெறிகள் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்ற அளவை ஒட்டியே கோடு போடுகின்றன. இரண்டு முறையும் அதற்குக் கீழே வந்து, அறிகுறியும் இருந்தால்தான் மேலே பேச்சு.

‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று ஒரு காலத்தில் லாட்ஜ் அறைக்குக் கூப்பிட்ட குரல் இப்போது போன் திரைக்குக் குடிபெயர்ந்து ‘டெஸ்டோ பூஸ்டர்’ டப்பா விற்கிறது. பாலியல் வீரியம் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று, விளம்பரம் நின்றபாடில்லை. அந்த டப்பா ஒன்றின் விலையில் இரண்டு முறை முறையான ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளலாம்.

எந்த வடிவம்? பணம் போகும் பெரிய வாசல் இதுதான்

இந்தியாவில் பொதுவாகக் கிடைப்பவை நான்கு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பழைய டிப்போ ஊசி. டெஸ்டோவிரான் டிப்போ, சஸ்டனான் 250 போன்றவை இந்த ரகம். பத்து முதல் பதினான்கு வாரம் தாங்கும் அண்டெகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி; செர்னோஸ் டிப்போ, நெபிடோ என்ற பெயர்களில் வருவது. தினமும் தோளில் தடவும் ஜெல். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கும் 40 மில்லிகிராம் கேப்ஸ்யூல்.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நான் தருவது கணக்குப் போடும் முறை மட்டும். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் கடையில் விசாரித்த விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிப்போ ஊசி 300 ரூபாய், மூன்று வாரத்துக்கு ஒன்று என்று வைப்போம். ஆண்டுக்கு 17 ஊசி, 5,100 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதினால் 26 ஊசி, 7,800 ரூபாய். அண்டெகனோயேட் 4,000 ரூபாய் என்றால், முதல் இரண்டு ஊசிக்கு இடையே ஆறு வாரம், அதன் பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. முதல் ஆண்டில் ஐந்து ஊசி, 20,000 ரூபாய். அடுத்த ஆண்டிலிருந்து சுமார் 17,000. ஜெல் நாளுக்கு 60 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 21,900. கேப்ஸ்யூல் நாளுக்கு மூன்று நான்கு விழுங்க வேண்டியிருக்கும். சாப்பாட்டைப் பொறுத்து உடலில் சேரும் அளவும் ஏறி இறங்கும். பணம் யோசித்துச் செலவழிப்பவருக்கு அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இத்தோடு கணக்கு முடியவில்லை. ஊசி போடப் போய்வரும் நேரமும் காசுதான். தினக்கூலி 800 ரூபாய் வாங்கும் ஒருவர் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் வேலையை விட்டால், 17 ஊசிக்கு 13,600 ரூபாய் கூலி போகும். மருந்தையும் சேர்த்தால் 18,700. நீண்டகால ஊசியில் ஆண்டுக்கு நான்கு நாள் கூலிதான் போகும். 3,200-ஐச் சேர்த்தாலும் 20,500-க்குள் அடங்கிவிடும். மலைபோலத் தெரிந்த வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் சுருங்கிப்போகிறது. ஆகவே ‘மலிவு எது’ என்று கேட்பதற்கு முன், மாலையில் திறந்திருந்து ஊசி போட்டுவிடும் கிளினிக் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய டிப்போ ஊசியை அடிக்க ஆளில்லை.

பழைய ஊசியின் குறை, அதன் ஏற்ற இறக்கம். போட்ட சில நாட்களுக்கு உற்சாகம், மூன்றாம் வாரம் வரும்போது சோர்வு, சிடுசிடுப்பு. வீட்டில் உள்ளவர்களே தேதியைச் சொல்லிவிடுவார்கள். இடைவெளியையும் அளவையும் டாக்டர் மாற்றினால் இது பெரும்பாலும் அடங்கும். மாற்றியும் அடங்காதவருக்கு விலை கூடிய வடிவம் நியாயமான செலவுதான்.

ஜெல்லுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தடவிய இடம் காய்வதற்குள் குழந்தையைத் தூக்கினாலோ மனைவியின் உடம்பில் பட்டாலோ ஹார்மோன் அவர்களுக்கும் ஏறும். கைக்குழந்தை இருக்கும் சின்ன வீட்டில் நான் ஜெல்லைப் பரிந்துரைக்க மாட்டேன். அண்டெகனோயேட் ஊசியில் கவனிக்க வேண்டியது வேறு: 4 மில்லி எண்ணெயை மிக மெதுவாக ஏற்ற வேண்டும், எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய்விட்டால் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம் என்பதால் போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இதைப் பழக்கப்பட்ட நர்ஸ்தான் போட வேண்டும். சஸ்டனானில் இருப்பது கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் அதிகம். கேட்காவிட்டால் அவருக்குத் தெரியாது. ‘டாக்டர், மாசம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல என்னால முடியாது. ஜெல்லுக்குப் பதிலா ஊசி போட்டுக்கலாமா? அடுத்த வருஷமும் இதே மருந்தைத்தான் வாங்கணும், அதையும் பார்த்து எழுதிக் குடுங்க’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்வதும் உதவும். அதே மருந்தை வேறு கம்பெனியில் மலிவாக வாங்கலாம். ஆனால் பழைய டிப்போ ஊசியான எனந்தேட்டுக்குப் பதில் அண்டெகனோயேட்டோ, அண்டெகனோயேட்டுக்குப் பதில் வேறொன்றோ கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயர் பொதுவாக இருக்கலாம்; உடலில் தங்கும் காலம் முற்றிலும் வேறு.

டெஸ்ட்டில் வீணாகும் பணம்

லேப் விளம்பரங்களில் ‘மேல் ஹார்மோன் பேனல்’ என்று பத்துப் பதினைந்து பரிசோதனைகளைக் கட்டி விற்கிறார்கள். முதல் முறை உங்களுக்குத் தேவைப்படுவது மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒன்றுதான். அது குறைவாக வந்து, இரண்டாம் முறை எடுக்கும்போது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் சேர்த்துக்கொள்ளலாம். இவை இரண்டும் பழுது விரையிலா, பிட்யூட்டரியிலா என்று காட்டிக்கொடுக்கும். பிட்யூட்டரி மேல் சந்தேகம் விழுந்தால் புரோலாக்டினும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும். படிப்படியாகப் போனால் பலர் முதல் படியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று தனியாகக் காசு வாங்கும் டெஸ்ட்டில் பெரும்பாலான லேப்கள் பயன்படுத்தும் நேரடி முறை நம்பத்தகுந்ததல்ல. குண்டானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அது தேவைப்பட்டால், மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்ஹெச்பிஜி, அல்புமின் மூன்றையும் எடுத்து டாக்டரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேப்பில் சொல்லிவிட்டு, டாக்டரைக் கேட்டு ஓரிரு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில கருவிகளில் அது அளவை இல்லாத உயரத்துக்கு ஏற்றிக் காட்டிவிடும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். பார்க்க வேண்டியவை டெஸ்டோஸ்டிரோன் அளவு, ரத்தத்தின் கெட்டியைக் காட்டும் பிசிவி, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ. பிசிவி, சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே வந்துவிடும். இந்த மூன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. பிசிவி 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். பார்க்காமலே விட்டால் ரத்தம் உறையும் ஆபத்து.

ரத்தம் எந்த நாளில் கொடுப்பது? பழைய டிப்போ ஊசி என்றால் இரண்டு ஊசிகளுக்கும் சரியாக நடுவில். மூன்று வார ஊசி என்றால் பத்தாம் நாளோ பதினோராம் நாளோ. நீண்டகால ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். ஊசி போட்ட மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்து, அளவு அதிகம் என்று வந்து, டாக்டர் டோஸைக் குறைத்து, ஆள் சோர்ந்துபோய், மறுபடி டெஸ்ட் எடுத்து என்று சுற்றிச் சுற்றிப் பணம் போவது உண்டு. லேப் ரிப்போர்ட்டின் மேலேயே கடைசி ஊசித் தேதியைப் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள்.

அரசு மருத்துவமனையும் இஎஸ்ஐயும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை. நேராகப் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கும் இடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். வேலூர் சிஎம்சி இலவசம் அல்ல. ஆனால் சிக்கலான நோய்க்குத் தெளிவான முடிவு கிடைத்தால், நாலு இடத்தில் அலையும் செலவு மிச்சம்.

அரசு மருத்துவமனை மருந்துகளை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. எல்லா ஊரிலும் இந்த ஊசி கையிருப்பில் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இல்லாவிட்டாலும் போனது வீண் இல்லை. டாக்டர், டெஸ்ட், வாங்கி வந்த ஊசியைப் போட்டுவிடும் நர்ஸ் எல்லாம் இலவசமாகக் கிடைத்தால், உங்கள் செலவு ஆம்பூல் விலையோடு நின்றுவிடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ‘சிஸ்டர், இது மூணு வாரத்துக்கு ஒரு தடவை போடுறது. இங்கயே வந்து போட்டுக்கலாமா?’ என்று முதல் முறை தன்மையாகக் கேட்டு, சீட்டின் நகல் ஒன்றை அங்கேயே கொடுத்துவைத்தால் அடுத்தடுத்த முறை விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் இஎஸ்ஐயை வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும்; இஎஸ்ஐ வெளிநோயாளி மருந்துக்கும் பொறுப்பேற்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் (மாற்றுத்திறனாளிக்கு 25,000), உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் கட்டப்படுகிறது. பின்னலாடைக் கம்பெனி, மில், ஜவுளிக்கடை, செக்யூரிட்டி வேலை என்று லட்சக்கணக்கானவர்கள் சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தத்தைப் பார்த்துக்கொண்டே, மருந்தைத் தனியார் கடையில் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். முதலில் உங்கள் பகுதி இஎஸ்ஐ மருந்தகம். அங்கிருந்து சென்னை கே.கே.நகர், அயனாவரம், கோவை போன்ற இஎஸ்ஐ மருத்துவமனையின் சிறப்பு டாக்டருக்குப் பரிந்துரை. அவர் எழுதியதை மருந்தகத்தில் வாங்குவது. மருந்து இருப்பில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். வெளியில் வாங்கி பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறும் நடைமுறை என்ன என்று அங்கேயே கேட்டு, அவர்கள் சொல்லும் படிவத்தில் டாக்டரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பில் வாங்கியபின் படிவத்துக்கு அலைந்தால் நாள் இழுக்கும்.

ஐந்து ஆண்டாவது இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டித் தமக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதம் பத்து ரூபாய். இது பலருக்குத் தெரிவதில்லை. வேலையை விடும் முன் உங்கள் இஎஸ்ஐ எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கு இசிஹெச்எஸ், மத்திய அரசு ஊழியர்களுக்கு சிஜிஹெச்எஸ். இரண்டும் வெளிநோயாளி மருந்தைத் தருபவை. அட்டை இருந்தால் அதைவிட்டு வேறெங்கும் தேட வேண்டாம்.

மருந்துக் கடையில்

‘அண்ணே, இதே மருந்து வேற கம்பெனியில இருக்கா? எம்ஆர்பி எவ்வளவு, எனக்கு எவ்வளவு?’ இந்த இரண்டு கேள்வியையும் மூன்று கடையில் கேளுங்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்குக்கூட ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கம்பெனி விலையேற்ற முடியாது. அதற்கு மேல் ஏறியிருந்தால் வேறு பேக்கையோ வேறு பிராண்டையோ கையில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாதாமாதம் வரும் வாடிக்கையாளர் என்று தெரிந்தால் தெருமுனைக் கடைக்காரரும் தள்ளுபடி தருவார். ஆன்லைன் மருந்தகங்களிலும் தள்ளுபடி உண்டு, சீட்டைப் பதிவேற்ற வேண்டும். கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்களிலும் இந்த ஊசி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லை என்ற பதிலே வரலாம். ஆனால் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களில் பலர் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தைராய்டு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள். அவற்றை அங்கே வாங்கினால் மாதம் சில நூறு மிஞ்சும். ஊசிச் செலவு அதிலேயே அடைந்துவிடும்.

ஜிம்மில் யாரோ பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தரும் பில் இல்லாத ஊசியில் என்ன இருக்கிறது என்று தந்தவருக்கும் தெரியாது. உடைத்த ஆம்பூலில் பாதியைப் போட்டுவிட்டு மீதியைப் பிரிட்ஜில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அது ஒருமுறைக்கு மட்டும். சீழ்க்கட்டி வந்தால் மிச்சம் பிடித்ததைப் போல இருபது மடங்கு போய்விடும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்.

காப்பீடு எங்கே கைகொடுக்கும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. இது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன் போன்ற பெருஞ்செலவுக்கு இதைப் பயன்படுத்துங்கள். மாதாந்திர ஊசிக்கு இது வராது.

தனியார் பாலிசியும் அப்படித்தான். ஆனால், பலர் விட்டுவிடும் ஒன்று: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ, உங்கள் பாலிசி சொல்லும் காலம் வரை, அதே நோய்க்கான மருந்தும் டெஸ்ட்டும் கிளெய்மில் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு தொடங்கிய ஹார்மோன் ஊசிக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தால் அந்தக் காலத்துப் பில்லைக் கேட்கலாம். வெளிநோயாளிச் செலவுக்குத் தனி ‘ஓபிடி’ இணைப்பு எடுத்தால், கூடுதல் பிரீமியத்தையும் ஆண்டு உச்சவரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பழைய டிப்போ ஊசி போடுபவருக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. புதுப்பிக்கும்போது பழைய தொகையைக் கேட்டால் விவரம் கேளுங்கள்.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் நோயை மறைக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-லிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். சொல்லிவிட்டுக் காத்திருப்பது, மறைத்துவிட்டுக் கிளெய்மில் மாட்டுவதைவிட மலிவு. நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார்; முப்பது நாளில் பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

திருநம்பிகளுக்கு

பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்களுக்கும் இதே மருந்துதான், விலைக் கணக்கும் மேலே சொன்னதேதான். காப்பீட்டில்தான் நிலைமை வேறு. தனியார் பாலிசிகளில் பாலின மாற்றச் சிகிச்சை என்பது ஏழாம் எண் விலக்காக அச்சாகியே வருகிறது. முகவர் வாய்வழியாகச் சொல்வதை நம்பாமல் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மறுபுறம், 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் திட்டம் ஹார்மோன் சிகிச்சையையும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்கிறது. மாவட்ட ஆட்சியர் வழங்கும் திருநர் அடையாள அட்டை அதற்கு வேண்டும். எந்த மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் இதற்கென்றே கிளினிக் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே முதலில் ஒருமுறை போய்வந்தால், எந்தக் கேள்விக்கும் மிரளாத டாக்டரும் கிடைப்பார், டெஸ்ட் செலவும் குறையும்.

பிள்ளை வேண்டும் என்பவர்கள்

டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அமுக்கிவிடும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம், ஆசை குறைவு, டெஸ்ட்டில் ஹார்மோன் குறைவு என்று இந்த ஊசியைத் தொடங்கி, பிறகு குழந்தைக்காக லட்சக்கணக்கில் செலவழிக்கும் தம்பதிகள் உண்டு. குழந்தைத் திட்டம் இருப்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். பிட்யூட்டரி பழுது உள்ளவர்களுக்குக் குழந்தைக்கு முயலும் காலத்தில் ஹெச்சிஜி, எஃப்எஸ்ஹெச் ஊசிகள் தருவார்கள். அவை இதைவிடப் பல மடங்கு விலை. ஆகவே அதற்கான பணத்தைத் தனியாகச் சேர்த்துவைத்து, தேதி குறித்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

பணம் தட்டும் மாதம்

பள்ளிக் கட்டணம், அட்வான்ஸ், யாருக்கோ ஆபரேஷன் என்று ஒரு மாதம் இடிக்கத்தான் செய்யும். பழைய டிப்போ ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனால் சோர்வு வரும், எரிச்சல் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. நீண்டகால ஊசி போடுபவர், அடுத்த ஊசிக்கு மொத்தமாகப் பணம் புரளாது என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி அந்தச் சுற்றுக்கு மட்டும் பழைய ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். தாமாக மாறக் கூடாது, நாள் கணக்கு அவர்தான் போட வேண்டும்.

பிட்யூட்டரி பழுதால் பல ஹார்மோன்களை வாங்கவேண்டிய வீடுகளில் வரிசை மிக முக்கியம். கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதவில்லை என்றால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரெட்னிசலோன். ஒரு நாள்கூட அது நிற்கக் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்த நேரத்தில் அது இல்லையென்றால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அடுத்தது தைராக்சின். மூன்றாவதுதான் டெஸ்டோஸ்டிரோன். ஊசி தள்ளிப்போனதால் ஆள் சுணங்கியிருப்பது வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதால், இருக்கிற பணத்தை அதற்குப் போட்டுவிட்டு, ‘நல்லாத்தானே இருக்காரு’ என்று அந்தச் சின்ன மாத்திரையை இரண்டு நாள் கழித்து வாங்கலாம் என்று விட்டுவிடுவது நடக்கிறது. பிரெட்னிசலோன் மிக மலிவான மாத்திரை. டாக்டர் அதை எழுதியிருந்தால், மாதம் பிறந்ததும் மற்ற எதற்கும் முன் ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேலே ஒரு அட்டை கூடுதலாக வாங்கி, எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.